எண்ணெயையும் தண்ணீரையும் கடலடியிலேயே பிரிப்பது எதற்கு?

எண்ணெய்க் கிணற்றிலிருந்து எண்ணெய் மட்டும் வருவதில்லை. மசகெண்ணெய், எரிவாயு, உப்புத் தண்ணீர், கொஞ்சம் மணல், சில இடங்களில் மெழுகு என்று எல்லாம் கலந்துதான் வரும். கிணறு புதிதாக இருக்கும்போது தண்ணீர் குறைவாக இருக்கும், வருடம் போகப் போகக் கூடும். காரணம் இதுதான்: எண்ணெய் பாறையின் நுண்ணிய துளைகளுக்குள் இருக்கிறது, அதே பாறையில் அதற்குக் கீழே தண்ணீர் இருக்கிறது. எண்ணெயை எடுக்க எடுக்க அந்தத் தண்ணீர் மேலேறி வருகிறது. போதாததற்கு, பாறைக்குள் அமுக்கம் குறைந்துவிடக் கூடாது என்று எண்ணெய் எடுப்பவர்களே வேறொரு கிணறு வழியாகத் தண்ணீரை உள்ளே செலுத்துவார்கள், அதுவும் ஒரு நாள் எண்ணெய்க் கிணற்றுக்கு வந்து சேரும். பழைய எண்ணெய் வயல்களில் ஒரு பீப்பாய் எண்ணெயோடு மூன்று நான்கு பீப்பாய் தண்ணீர் வருவது சாதாரணம். நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் தண்ணீராகவே வரும் கிணறுகளும் உண்டு, அதையும் மூடாமல் ஓட்டுகிறார்கள், ஏனென்றால் மீதிப் பத்துப் பங்குக்கும் நல்ல விலை இருக்கிறது.

கடலில் இதை வழக்கமாக எப்படிச் செய்வார்கள் என்றால், கிணற்றின் வாய் கடலின் அடியில் இருக்கும், அங்கிருந்து குழாய் வழியாகக் கலவை முழுவதையும் மேலே மிதக்கும் கப்பலுக்கோ மேடைக்கோ கொண்டுவருவார்கள். மேலே பெரிய தொட்டிகளில் விட்டால் வாயு மேலே போகும், எண்ணெய் நடுவில் நிற்கும், தண்ணீர் அடியில் தங்கும். தண்ணீரைச் சுத்தம் செய்து கடலில் விடுவார்கள், அல்லது திரும்பவும் பாறைக்குள் தள்ளுவார்கள்.

ஹட்டனில் உயர்தரம் படிக்கும் ஒரு பிள்ளை என்னிடம் கேட்டது: "சேர், மேலேயே லேசாகப் பிரியுதுதானே, ஏன் கஷ்டப்பட்டுக் கீழே போய்ப் பிரிக்கணும்?" கேட்க வேண்டிய கேள்விதான். இதற்கு மலையகத்துப் பிள்ளைகளுக்கு நான் சொல்லும் பதில் மழை நாள் தேயிலைக் கொழுந்து. நனைந்த கொழுந்தை முதுகில் சுமந்துகொண்டு மலையில் ஏறிக் கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்குக் கொண்டுவருகிறார்கள், தராசில் வைத்ததும் தண்ணீருக்கென்று இத்தனை கிலோ என்று கழித்துவிடுகிறார்கள். அந்தக் கிலோக்களையும் சுமந்தது அந்த முதுகுதான், ஆனால் அதற்குச் சம்பளம் கிடையாது. எண்ணெய்க் கிணற்றிலும் இதே கதை. மேலே கொண்டுபோய்க் கழித்துவிடப் போகிற தண்ணீரை நூற்றுக்கணக்கான மீற்றர் உயரத்துக்குத் தூக்க வேண்டியிருக்கிறது. சுமப்பது பாறையின் அமுக்கம். அந்த அமுக்கத்துக்கும் ஒரு எல்லை இருக்கிறது.

கணக்காகவே பார்த்துவிடலாம். 1,000 மீற்றர் ஆழத்தில் கிணறு, மேலே கப்பல், நடுவில் நிமிர்ந்த குழாய். குழாய் முழுக்க உப்புத் தண்ணீராக இருந்தால் அந்த நிரலின் அடியில் ஏறக்குறைய 100 வளிமண்டல அமுக்கம். கன மீற்றருக்கு 850 கிலோ அடர்த்தியுள்ள எண்ணெய் என்றால் 80 சொச்சம். எண்ணெயோடு வாயுக் குமிழிகளும் கலந்திருந்தால் இன்னும் வெகுவாகக் குறையும். கிணற்றின் வாயில் இந்த அமுக்கம் எவ்வளவு கூடுதலோ, பாறையிலிருந்து எண்ணெய் வெளியே வருவது அவ்வளவு குறையும். வயல் பழசாகிப் பாறையின் அமுக்கமும் இறங்கிய பிறகு, நிரல் தண்ணீரால் நிறைந்து கனத்துப்போனால், கிணறு தானாக நின்றுவிடும். உள்ளே எண்ணெய் தீர்ந்துபோய் நிற்பதில்லை, தூக்க முடியாமல் நிற்கிறது. எனக்கு இந்த விஷயத்தில் முக்கியமாகப் படுவதே இதுதான். தண்ணீரை அடியிலேயே பிரித்து அங்கேயே பாறைக்குள் திருப்பி அனுப்பிவிட்டால், அதே கிணறு இன்னும் சில வருடம் ஓடும். குழாயிலும் இடம் மிச்சமாகும், மேலே கப்பலில் தண்ணீர்த் தொட்டிகளுக்கான பாரமும் இடமும் குறையும்.

இன்னொரு நன்மையும் உண்டு. ஆழ்கடலின் அடியில் தண்ணீர் 4 பாகை செல்சியஸ் அளவில் இருக்கும். அந்தக் குளிரிலும் அமுக்கத்திலும் இயற்கை வாயுவும் தண்ணீரும் சேர்ந்தால் பனிக்கட்டி போன்ற ஒரு திண்மம் உண்டாகும், ஹைட்ரேட் என்பார்கள். அது குழாயை அப்படியே அடைத்துவிடும். அடைக்காமலிருக்க மெத்தனோல் அல்லது கிளைக்கோல் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும், தண்ணீர் எவ்வளவோ அதற்குத் தக்கபடி அதுவும் வேண்டும். தண்ணீரை முதலிலேயே கழித்துவிட்டால் அந்தச் செலவும் இறங்கும்.

சரி, பிரிப்பது எப்படி? விதி மிகப் பழையது. ஸ்டோக்ஸ் 1851இல் எழுதியது, உயர்தரப் பௌதிகவியலில் முடிவு வேகம் என்று படிக்கிறீர்களே, அதேதான். எண்ணெய்க்குள் இருக்கும் ஒரு தண்ணீர்த் துளி கீழிறங்கும் வேகம், இரண்டு திரவங்களின் அடர்த்தி வித்தியாசத்துக்கு நேர்விகிதம், துளியின் விட்டத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதம், எண்ணெயின் பாகுநிலைக்கு, அதாவது அது ஓடாமல் எவ்வளவு பாகாக நிற்கிறது என்பதற்கு, நேர்மாறு விகிதம். பரீட்சைக்கு மனப்பாடம் செய்துவிட்டு அப்படியே விட்டுவிடுகிறோம், ஆனால் அந்த 'வர்க்கம்' என்பதில்தான் இந்தத் தொழிலின் பாதிப் பாடு அடங்கியிருக்கிறது. தண்ணீரைவிடப் பத்து மடங்கு பாகுநிலை உள்ள எண்ணெய், அடர்த்தி வித்தியாசம் கன மீற்றருக்கு 150 கிலோ, துளி இறங்க வேண்டிய தூரம் 1 மீற்றர் என்று வைத்துக்கொண்டு நீங்களே போட்டுப் பாருங்கள். துளியின் விட்டம் அரை மில்லிமீற்றர் என்றால் 8 நிமிடம். அதில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 100 மைக்ரோமீற்றர் என்றால் 3 மணித்தியாலத்துக்கும் மேல். 10 மைக்ரோமீற்றர் என்றால் 14 நாள். கிணறு 14 நாள் காத்திருக்காது, நிமிடக் கணக்கில்தான் தொட்டிக்குள் நேரம் கிடைக்கும். ஆகவே துளியைப் பெரிதாக வைத்திருக்க வேண்டும், அல்லது எண்ணெயின் பாகுநிலையைக் குறைக்க வேண்டும், அல்லது இறங்க வேண்டிய தூரத்தைக் குறைக்க வேண்டும், அதுவும் முடியாவிட்டால் புவியீர்ப்பைவிடப் பலமான ஒன்றைக் கொண்டுவர வேண்டும்.

முதல் இரண்டுக்கும் கடலடி உதவி செய்கிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. பாறையிலிருந்து வரும் கலவை சூடாக வருகிறது, கிணற்றின் வாய்க்குப் பக்கத்தில் அந்தச் சூடு இன்னும் இருக்கிறது, சூட்டில் எண்ணெய் இளகியிருக்கும். அமுக்கம் கூடுதலாக இருப்பதால் எண்ணெயில் வாயு கரைந்தபடியே இருக்கிறது, அதுவும் எண்ணெயை இளக வைக்கும். அப்புறம், கலவை நீண்ட குழாயில் ஓடி, வால்வுகளில் நெருக்கப்பட்டு, பம்பில் அடிபட்டு மேலே போய்ச் சேரும்போது துளிகள் உடைந்து உடைந்து பொடியாகிவிடும், பிறகு பிரிப்பது கடினம். கிணற்று வாயிலேயே பிடித்துக்கொண்டால் அந்த அடி படுமுன் பிரித்துவிடலாம்.

ஆனால் எல்லா எண்ணெயும் சொன்னபடி கேட்காது. பாரமான மசகெண்ணெயில் அஸ்ஃபால்டீன், ரெசின் என்று சில சேர்வைகள் இருக்கின்றன, அவை ஒவ்வொரு தண்ணீர்த் துளியைச் சுற்றியும் ஒரு தோல் போலப் படிந்து, இரண்டு துளி தொட்டாலும் ஒன்றாகச் சேர விடாமல் தடுக்கும். இப்படிப் பிரியாமல் நிற்கும் கலவைதான் எமல்சன். இதை உடைக்க ஒருவகை இரசாயனம் சேர்க்கிறார்கள், கிட்டத்தட்ட சவர்க்காரம் வேலை செய்யும் அதே இடத்தில், துளியின் மேற்பரப்பில்தான் அதுவும் வேலை செய்கிறது. இன்னொரு வழி மின்புலம். உப்புத் தண்ணீர் மின்னைக் கடத்தும், எண்ணெய் கடத்தாது, எனவே கலவையை வலுவான மின்புலத்தில் வைத்தால் துளிகளின் இரு முனைகளிலும் எதிரெதிர் ஏற்றங்கள் உண்டாகி, பக்கத்துத் துளிகள் ஒன்றையொன்று இழுத்துச் சேர்ந்துகொள்ளும். ஃபிரெடரிக் கோட்ரல் என்ற அமெரிக்கர் 1911இலேயே இதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். தரையில் பழகிப்போன முறை, கடலடிக்குக் கொண்டுபோவதுதான் பாடு.

மூன்றாவது, தூரத்தைக் குறைப்பது. மேலே கப்பலில் வைக்கும் தொட்டி குண்டாக, அகலமாக இருக்கும். அதை அப்படியே ஆழத்தில் வைக்க முடியாது. உதாரணத்துக்கு 870 மீற்றர் ஆழத்தில் ஒவ்வொரு சதுர சென்ரிமீற்றரிலும் கடல் ஏறக்குறைய 90 கிலோ பாரத்தை வைத்து அழுத்துகிறது, தொட்டியின் விட்டம் கூடக் கூட உருக்குச் சுவரும் தடிக்க வேண்டும், கடைசியில் தூக்கி இறக்கக் கப்பல் கிடைக்காத பாரமாகிவிடும். அதனால் ஆழத்தில் நீளமான ஒல்லியான குழாயையே பிரிப்புத் தொட்டியாக வைக்கிறார்கள். குழாய் ஒடுக்கமாக இருப்பதால் துளி இறங்க வேண்டிய தூரமும் குறைகிறது, ஆகவே நேரமும் குறைகிறது. அமுக்கத்துக்குப் பயந்து செய்த மாற்றம் ஸ்டோக்ஸ் கணக்குக்கும் பொருந்திப்போனது எனக்கு மிகவும் பிடித்த இடம். நான்காவது வழி ஹைட்ரோசைக்ளோன்: கூம்பு வடிவக் குழாய், பக்கவாட்டில் வேகமாகச் செலுத்தினால் திரவம் உள்ளே சுழலும், பாரமான தண்ணீர் வெளிப்பக்கமாகவும் இலேசான எண்ணெய் நடுவிலும் ஒதுங்கும். அசையும் பாகம் எதுவும் கிடையாது. பிரிந்த தண்ணீரில் எஞ்சியிருக்கும் எண்ணெயைக் கடைசியாக எடுப்பதற்கு இதைத்தான் நம்புகிறார்கள்.

இவ்வளவும் சரியாகச் செய்தாலும், தொட்டிக்குள் எண்ணெய் எந்த மட்டத்தில் முடிகிறது, தண்ணீர் எந்த மட்டத்தில் தொடங்குகிறது என்று தெரியாவிட்டால் ஒன்றும் நடக்காது. அந்த மட்டம் கீழே இறங்கினால் தண்ணீர்க் குழாயில் எண்ணெய் போய்விடும், மேலே ஏறினால் எண்ணெய்க் குழாயில் தண்ணீர் போய்விடும். மேலே என்றால் ஒருவர் கண்ணாடிக் குழாயைப் பார்த்துவிட்டு வால்வைத் திருப்பலாம். கீழே இருப்பது மூடிய உருக்கு, இருட்டு, எட்ட முடியாத ஆழம். அதனால் காமாக் கதிர் தரும் சிறு மூலங்களைத் தொட்டிக்குள் வெவ்வேறு உயரத்தில் வைத்து, எந்த உயரத்தில் கதிர் எவ்வளவு உறிஞ்சப்படுகிறது என்று பார்ப்பார்கள். அடர்த்தி கூடிய தண்ணீர் கூடுதலாக உறிஞ்சும். அல்லது உப்புத் தண்ணீர் மின்னைக் கடத்துவதை வைத்துக் கம்பிச் சுருள்களால் அளப்பார்கள். எண்ணெய்க்கும் தண்ணீருக்கும் இடையில் பிரியாமல் நிற்கும் எமல்சன் படை இந்த அளவீடுகளை எல்லாம் குழப்பும், தண்ணீரா எண்ணெயா என்று கருவிக்கே தெரியாது. மணல் இன்னொரு தொல்லை. அது தொட்டியின் அடியில் படிந்து இடத்தைப் பிடிக்கும், பம்பை அரிக்கும், ஆகவே அவ்வப்போது தண்ணீரைப் பீய்ச்சிக் கிளப்பி வெளியேற்ற ஓர் ஒழுங்கு வேண்டும். எதுவும் பழுதானால் கப்பல் வரவழைத்து, ரோபோவை இறக்கி, அந்தப் பகுதியை மட்டும் கழற்றி மேலே எடுக்க வேண்டும். கடல் கொந்தளிப்பாக இருந்தால் அதுவும் காத்திருக்க வேண்டியதுதான்.

இந்த யோசனை புதிதல்ல. 1970 அளவிலேயே அபுதாபிக்கு அப்பால் ஸக்கூம் வயலில் ஆழம் குறைந்த கடலில் பரீட்சித்துப் பார்த்திருக்கிறார்கள். எண்ணெயையும் தண்ணீரையும் கடலடியில் பிரித்துத் தண்ணீரை அங்கேயே பாறைக்குள் செலுத்தும் முழு ஏற்பாடு வந்தது நோர்வேயின் ட்ரோல் வயலில். நோர்ஸ்க் ஹைட்ரோ நிறுவனம் 2000இல் அதை ஏறக்குறைய 340 மீற்றர் ஆழத்தில் இறக்கியது, மேடையிலிருந்து மூன்றரைக் கிலோமீற்றர் தள்ளி. பெயரே ட்ரோல் பைலட், அதாவது பரீட்சார்த்தமாகத்தான் தொடங்கினார்கள், ஆனால் பல வருடம் ஓடியது. அடுத்தது அதே நோர்வேயில் டோர்டிஸ், 2007, சுமார் 200 மீற்றர் ஆழம், ஸ்டாட்டோயில் நிறுவனத்துடையது. பரீட்சை என்றில்லாமல் முழு அளவில் வயலுக்கென்றே செய்தது. தொட்டி 17 மீற்றர் நீளம். வயலில் இருக்கும் எண்ணெயில் 49 சதவீதம்தான் எடுக்கலாம் என்றிருந்ததை 55 ஆக உயர்த்துவதுதான் நோக்கம். ஆறு சதவீதம் என்றால் சின்னதாகத் தெரியும், ஆனால் புதிதாக ஒரு வயலைத் தேடித் துளையிடாமல் கிடைக்கிற எண்ணெய் அது.

டோர்டிஸில் நடந்ததைச் சற்று நிறுத்திச் சொல்ல வேண்டும். தொட்டி ஒழுங்காகப் பிரித்தது. பிரிந்த தண்ணீரை உத்சிரா என்ற மணற்பாறைப் படைக்குள் செலுத்துவதாகத் திட்டம், அந்தப் படை நிறையத் தண்ணீரை ஏற்றுக்கொள்ளக்கூடியது. ஆனால் அந்தக் கிணறு இருந்த இடத்தில், நினைத்தபடி அந்த மணற்பாறை இல்லை, தண்ணீர் போனது களிப்பாங்கான பாறைக்குள். அது தண்ணீரை ஏற்காது. அமுக்கம் ஏறி ஏறி மேலேயிருந்த பாறையைப் பிளந்து, கடலடி வரைக்கும் வழி பண்ணிக்கொண்டு, 2008 மே மாதத்தில் எண்ணெய் கலந்த தண்ணீர் கடலுக்குள் கசிந்தது. கடலடியில் பள்ளமே விழுந்திருந்தது. செலுத்துவதை நிறுத்திவிட்டார்கள். எவ்வளவு நுணுக்கமாகத் தொட்டியைச் செய்திருந்தாலும், தண்ணீர் போய்ச் சேரும் பாறையைத் தெரிந்துகொள்ளாமல் விட்டால் வேலை பாதிதான். இந்தத் தொழில்நுட்பத்தைப் பற்றி எழுதுகிறவர்களில் பலர் தொட்டியின் படத்தைப் போட்டு, அது பிரிப்பதைப் பற்றி நான்கு பக்கம் எழுதிவிட்டு, தண்ணீர் 'திரும்பச் செலுத்தப்படுகிறது' என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அந்த ஒரு வரியில்தான் கடலின் பாதுகாப்பே இருக்கிறது.

பிரேசிலில் பெட்ரோபிராஸ் நிறுவனம் மார்லிம் வயலில் 870 மீற்றர் அளவு ஆழத்தில் இதைச் செய்தது, நான் மேலே சொன்ன ஒல்லிக் குழாயும் ஹைட்ரோசைக்ளோனும் அங்கேதான். எண்ணெய் பாரமானது, ஆழமும் கூட, அதனால் ட்ரோலையும் டோர்டிஸையும்விடக் கடினமான இடம். அங்கே தண்ணீரை எண்ணெய் இருக்கும் அதே பாறைக்குள்ளேயே திருப்பிச் செலுத்தினார்கள், அது பாறையின் அமுக்கத்தைத் தாங்கிப் பிடிக்கும். ஆனால் அதற்குத் தண்ணீர் சுத்தமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் எண்ணெய்த் துளியும் மணலும் பாறையின் துளைகளை அடைத்துவிடும்.

இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளக் கூடாத இன்னொன்று வாயுவையும் திரவத்தையும் பிரிப்பது. அங்கோலாவில் டோட்டலின் பாஸ்ஃப்ளோர், மெக்சிக்கோ வளைகுடாவில் ஷெல்லின் பெர்டிடோ எல்லாம் அந்த வகை. வாயு கலந்த திரவத்தைச் சாதாரண பம்பால் தள்ள முடியாது, வாயுவைப் பிரித்து வேறு குழாயில் விட்டால் அது தானாக மேலே ஏறும், திரவத்தைப் பம்ப் தள்ளும். பெர்டிடோவின் ஆழம் சுமார் 2,450 மீற்றர். நமது பிதுருதலாகலை மலையின் உயரம் 2,524 மீற்றர். நுவரெலியாவில் நின்று அந்த உச்சியைப் பார்க்கிறவர்கள், அதன் உயரம் முழுவதையும் கடல் மட்டத்திலிருந்து கீழ்நோக்கி அளந்து பார்த்தால் அந்த ஆழம் புரியும். அங்கே எண்ணெயையும் வாயுவையும் பிரிக்கிறார்கள், தண்ணீர் எண்ணெயோடு சேர்ந்தேதான் மேலே வருகிறது.

நமக்கும் இதற்கும் என்ன என்று கேட்டால், மன்னார்க் கடல் இருக்கிறது. 2011இல் கெய்ர்ன் நிறுவனம் அங்கே துளையிட்டு டொராடோ, பரகூடா என்ற இரண்டு இடங்களில் எரிவாயு இருப்பதைக் கண்டது. டொராடோவில் கடலின் ஆழம் 1,350 மீற்றர் அளவு, ஹட்டன் நகரம் கடல் மட்டத்திலிருந்து இருக்கும் உயரத்தைவிடக் கூடுதல். என்றாவது அதை எடுக்கத் தொடங்கினால், எரிவாயுவோடும் தண்ணீர் வரும், ஹைட்ரேட்டும் வரும், அவ்வளவு ஆழத்தில் எதைக் கீழே பிரிப்பது, எதை மேலே கொண்டுவருவது என்று யாராவது உட்கார்ந்து கணக்குப் போட வேண்டும். 2022இல் மண்ணெண்ணெய்க்கும் எரிவாயு சிலிண்டருக்கும் வரிசையில் நின்ற லயத்துப் பிள்ளைகளில் ஒருவர் அந்தக் கணக்கைப் போடுகிற இடத்தில் இருக்க வேண்டும் என்பது என் ஆசை, அதற்குப் பௌதிகவியலும் புவியியலும் இரண்டும் வேண்டும். அதே கடலில் பிடிக்கிற மீனும் கருவாடும்தான் நம் தோட்டங்களுக்கு வருகிறது என்பதையும் அவர் மறக்க மாட்டார்.

பிரித்த தண்ணீரைப் பாறைக்குள் செலுத்தாமல் கடலடியிலேயே விட்டுவிடலாமே என்ற பேச்சும் உண்டு. செலுத்தும் கிணறு வேண்டாம், செலவு மிச்சம். ஆனால் வடகிழக்கு அத்திலாந்திக் நாடுகளின் ஓஸ்பார் உடன்படிக்கைப்படி, கடலில் விடும் தண்ணீரில் ஒரு லீற்றருக்கு 30 மில்லிகிராமுக்கு மேல் எண்ணெய் இருக்கக் கூடாது, மாதச் சராசரியில். மேலே கப்பலில் ஒருவர் போத்தலில் மாதிரி எடுத்து ஆய்வுகூடத்தில் பார்த்துச் சொல்லிவிடுவார். கீழே அந்த வேலையை ஒரு கருவிதான் செய்ய வேண்டும். ஒளியால் அளக்கிற கருவி என்றால் அதன் கண்ணாடியில் மெழுகும் உப்புப் படிவும் பிடித்துக்கொள்ளும், பிடித்துக்கொண்ட பிறகு அது சொல்வது எண்ணெயின் அளவையா படிவின் அளவையா என்று மேலே இருப்பவருக்குத் தெரியாது. யாரும் போய்த் துடைக்க முடியாத இடத்தில் வருடக்கணக்கில் நம்பத்தக்கதாக அளக்கும் கருவி இருந்தால்தான் கடலடியில் தண்ணீரை விட அனுமதி கேட்கவே முடியும். ட்ரோல், டோர்டிஸ், மார்லிம் மூன்றிலும் தண்ணீரைப் பாறைக்குள் அனுப்பும் வழியையே எடுத்தார்கள்.